அடுப்புக்கு இல்லாத புகைபோக்கி

குன்றத்தூரிலிருந்து ஒரகடம் வரை போகிற சாலைகளின் இருபுறமும் நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகி, மனைகள் தனி வீடுகளாகிவிட்டன. அந்த வீடுகளில் சிலவற்றின் கொல்லைப்புறத்தில் சில ஆண்டுகளாகப் புதிதாக ஒன்றைப் பார்க்கிறேன். செங்கல்லால் குவிமாடம் போலக் கட்டிய விறகு அடுப்பு. ரொட்டியும் பீட்சாவும் சுடுவதற்கு அது. அதை ஒட்டி, இறைச்சியையும் மீனையும் புகையில் வாட்ட ஒரு சிறு அறை. அதற்கு ஸ்மோக்கர் என்றே பெயர். கட்டுபவர் பெரும்பாலும் அந்த வீட்டு ஆண். வார விடுமுறைகளில் கட்டுகிறார், முடிந்ததும் நண்பர்களை அழைக்கிறார். அந்த அடுப்புக்கு முதல் நாளிலிருந்தே புகைபோக்கி இருக்கிறது.

நம் பாட்டிமார் வாழ்நாள் முழுவதும் ஊதிய அடுப்புக்கு அது ஏன் இருந்ததில்லை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. புகை எந்த வழியாகப் போக வேண்டும் என்பது கட்டடக் கலையின் சங்கதி போலத் தோன்றும். அதை முடிவு செய்தது யார், யாருடைய கண்ணையும் நெஞ்சையும் கணக்கில் வைத்து முடிவு செய்தார்கள் என்று கேட்கும்போது அது இலக்கியத்தின் சங்கதியாகவும் ஆகிவிடுகிறது.

*

முதலில் அந்தக் குவிமாட அடுப்பை அதற்குரிய மரியாதையோடு பார்ப்போம். அது நல்ல அறிவில் எழுந்த பொருள். இடுப்புயரத்துக்கு ஒரு மேடை. மேடைமேல் வெப்பம் கீழே இறங்காதபடி ஒரு காப்படுக்கு. அதன்மேல் சூளைக்கல் பரப்பிய தளம். ஈரமணலைக் குவித்து அச்சாக வைத்து, பாதியாக உடைத்த கற்களை வளையம் வளையமாக ஏற்றிக் குவிமாடத்தை மூடுகிறார்கள். வாசலின் உயரம் குவிமாட உயரத்தில் ஏறத்தாழ 63 சதவீதம் இருக்க வேண்டும் என்பது கட்டுபவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அப்போதுதான் குளிர்ந்த காற்று வாசலின் அடிப்பகுதியில் நுழையும். சூடான புகை உள்கூரையைத் தடவிக்கொண்டு வாசலின் மேற்பகுதி வழியாகத் திரும்பும். திரும்பும் இடத்தில், வாசலுக்கு முன்னால், புகைபோக்கி நிற்கிறது. தீ மூட்டியதும் உட்சுவர் கரியால் கறுக்கும். கல் போதிய சூடு ஏறியதும் அந்தக் கரியே எரிந்து சுவர் வெளுக்கும். தீயை வழித்த பிறகும் கல் பல மணி நேரம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும். முதலில் பீட்சா, சூடு தணிந்ததும் ரொட்டி, அதற்குப் பின் மெதுவாக வேக வேண்டிய கறி என்று இறங்கிவரும் சூட்டுக்கு ஏற்ப வரிசை.

புகையறைக்கு இன்னொரு கணக்கு. ஈர விறகு கெட்டியான வெள்ளைப் புகை தரும். அதில் வாட்டிய கறி கசக்கும். நன்றாகக் காய்ந்த விறகு சிறு தீயில் மெல்லிய நீலப் புகை தரும். குளிர்ந்த புகையில் பதப்படுத்த வேண்டுமென்றால் அறையின் சூடு 30 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். நம் ஊர்ப் பகலில் ஆண்டின் பெரும்பகுதி அது நடவாது. ஆகவே இங்கே சூட்டுப்புகைதான்.

மேலை நாடுகளில் இந்த அறிவுக்குப் புத்தகங்கள் உண்டு. டேனியல் விங்கும் ஆலன் ஸ்காட்டும் எழுதிய 'தி பிரெட் பில்டர்ஸ்' 1999இல் வந்தது. களிமண்ணில் அடுப்பு கட்டுவது பற்றி கீக்கோ டென்சர் எழுதியிருக்கிறார். அட்டையில் பெயர் இருக்கிறது; கட்டுபவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கட்டுகிறார்.

நம் மண் அடுப்பைப் போட்டவர்களுக்கு அட்டையும் இல்லை, பெயரும் இல்லை. என் அம்மாவைப் பெற்ற ஆயா போட்ட இரட்டை அடுப்பு எனக்கு நினைவிருக்கிறது. புற்றுமண்ணைச் சலித்து, உமியும் பொடியாக நறுக்கிய வைக்கோலும் சேர்த்து மிதித்து, ஓரிரு நாள் புளிக்க விட்டு, கையாலேயே எழுப்புவார். வாயின் மேல் மூன்று குமிழ் வைப்பார். பாத்திரம் அந்தக் குமிழில் உட்காரும். குமிழுக்கு இடையிலான சந்தில்தான் தீ மூச்சு விடும். குமிழ் உயர்ந்தால் தீ வீணாகும், தாழ்ந்தால் புகையும். முதன்மை அடுப்பிலிருந்து பக்கத்துக் கொடியடுப்புக்கு ஒரு வழி உள்ளே குடையப்பட்டிருக்கும். இங்கே சோறு கொதிக்கும்போது மிஞ்சும் சூடு அங்கே போய் வெந்நீரையும் பாலையும் காயவைக்கும். அடுப்புக்கு நேர்மேலே பரண்: விதை, புளி, மிளகாய், வெல்லம். புகை பட்ட இடத்தில் பூச்சி அண்டாது.

மண்ணில் நார் சேர்ப்பது, காற்றின் வழியை அளப்பது, மிஞ்சும் சூட்டை இரண்டாம் பாத்திரத்துக்குத் திருப்புவது, புகையைப் பதப்படுத்தப் பயன்படுத்துவது எல்லாம் அதில் இருந்தன. கொல்லைப்புற ஸ்மோக்கரின் தத்துவம் முழுவதும் அந்தப் பரணில் இருந்தது. ஆனால் 'அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பெதற்கு' என்றே பழமொழி சொன்னது. பெண் கல்வியை மறுத்த பழமொழி என்று இதை நாம் சரியாகவே எதிர்த்து வந்திருக்கிறோம். இதில் இன்னொரு பொய்யும் உண்டு: அடுப்பூதுவதற்கு அறிவே தேவையில்லை என்பது. ஊதுகுழலை எந்தக் கோணத்தில், எந்த நேரத்தில் வைப்பது என்பது எரிதலைப் பற்றிய அறிவு. அதே அறிவு செங்கல்லில் கட்டப்பட்டு ஓர் ஆணின் ஞாயிற்றுக்கிழமையாக மாறும்போது அதற்குக் கைவினை என்று பெயர் கிடைக்கிறது.

மண் அடுப்பில் இல்லாதது ஒன்றே ஒன்று. புகை வெளியே போகும் வழி. கொடியடுப்புக்குச் சூட்டைத் திருப்பத் தெரிந்த கைக்குப் புகையைச் சுவருக்கு வெளியே திருப்பத் தெரியாமல் போயிருக்காது. சுவரில் ஓட்டை போடும் உரிமை யாரிடம் இருந்தது என்பதே கேள்வி. அடுப்பு அவளுடையது, சுவர் அவளுடையதல்ல.

*

நம் இலக்கியம் இந்தப் புகையைப் பார்த்திருக்கிறது. பார்த்த விதம்தான் என்னை உறுத்துகிறது.

கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167ஆம் பாடல் எல்லாப் பாடத்திட்டங்களிலும் வருவது. புதிதாக மணமான பெண் தயிரைக் கையால் பிசைகிறாள், கழுவ நேரமின்றி உடுத்திய ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிப்புப் புகை அவள் கண்ணை நிறைக்கிறது. சமைத்ததைக் கணவன் உண்டு நன்றாக இருக்கிறது என்கிறான்; அவள் முகம் வெளியே தெரியாதபடி மகிழ்கிறது. மகளின் குடித்தனத்தைப் பார்த்துவிட்டு வந்த செவிலி நற்றாயிடம் சொல்லும் செய்தி இது. அழகான பாடல், நானும் மகிழ்ந்து நடத்தியிருக்கிறேன். அதில் புகை என்ன வேலை செய்கிறது? அவள் நல்ல மனைவியாகிவிட்டாள் என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. கண்ணின் எரிச்சல் குடும்பத்தின் நற்செய்தியாகத் தாய்வீடு போய்ச் சேர்கிறது.

மாங்குடி கிழாரின் நற்றிணை 120 இன்னும் நுட்பமானது. பரத்தையிடம் போய்வந்த கணவன் பேசுகிறான். மனைவி சமையலறையில் ஊடலோடு இருக்கிறாள். புகையால் கண் வாடியிருக்கிறது, நெற்றி வியர்வையை ஆடைத் தலைப்பால் துடைக்கிறாள். யாராவது விருந்தாளி வரமாட்டாரா என்று அவன் ஏங்குகிறான். விருந்தாளி வந்தால் அவள் கோபத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பாளல்லவா! அந்தக் கண் சிவந்தது புகையாலா, கோபத்தாலா? கணவனுக்கு அந்தக் குழப்பம் வசதி. அவளுக்கும் ஒருவேளை வசதியாக இருந்திருக்கும். அழுகையை யாராவது பார்த்துவிட்டால் புகை என்று சொல்லித் தப்பித்த பெண்கள் இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில், மாதரியின் இடத்தில், ஐயையின் துணையோடு கண்ணகி சமைக்கிறாள். காய் அரிந்து விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. கோவலன் உண்ணும் கடைசி உணவு அது. அடுப்பின் முன் சிவந்த அந்தக் கண்ணைக் காப்பியம் கற்பின் அழகாக வரைகிறது. சில காதைகள் கடந்து அதே கண் மதுரையின் முன்னால் சிவக்கும்போதுதான் ஊர் அஞ்சுகிறது. இரண்டு சிவப்புக்கும் இடையே ஒரு பெண் பட்டதையெல்லாம் அடுப்படியிலிருந்தே படிக்கத் தொடங்கலாம்.

புகைக்கு இந்தப் புகழ் கிடைக்க ஒரு காரணம் உண்டு. அதை நாம் தள்ளிவிடக் கூடாது. புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் காட்டுவது, சமையலையே மறந்து காளான் பூத்துக் கிடக்கும் அடுப்பு. பாலில்லாத முலையைச் சுவைத்து அழும் குழந்தை, அதைப் பார்க்கும் தாய். அடுப்பு புகையவில்லை என்றால் பட்டினி. இன்றைக்கும் பேச்சு வழக்கில் அதுதான் பொருள். புகையே வாழ்வின் அடையாளம் என்று நினைத்த சமூகத்தில் புகையை வெளியேற்று என்று ஒரு பெண் கேட்பது பாக்கியத்தைப் பழிப்பதாகத் தோன்றியிருக்கும். பசிக்கும் புகைக்கும் இடையே அவளுக்கு வேறு இடம் வைக்கப்படவில்லை.

*

குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சோழ அரசின் அமைச்சராக இருந்தவர் பிறந்த ஊரில் இருந்துகொண்டு அடுப்பைப் பற்றி எழுதும்போது, பெரிய புராணத்தின் இளையான்குடி மாற நாயனார் கதையைக் கடந்துபோக முடியாது.

மழை இரவு. வறுமையில் இருக்கும் வீட்டுக்கு ஓர் அடியார் வருகிறார். வீட்டில் தானியம் இல்லை. என்ன செய்வது என்று கணவர் கேட்க, வழி சொல்பவர் மனைவி: பகலில் விதைத்த நெல்லை வாரிவந்தால் சமைக்கலாம். அவர் இருட்டில் போய் வாரிவருகிறார். விறகு இல்லை என்கிறார் மனைவி. அவர் வீட்டுக் கூரையின் வரிச்சுகளை வெட்டித் தருகிறார். முளைத்த ஈரநெல்லை வறுத்து, குற்றி, சோறாக்குகிறார் மனைவி. கறிக்குக் குழியில் கிடந்த கீரையைப் பறித்து வருகிறார் கணவர். அதை வகைவகையாகச் சமைப்பவரும் மனைவிதான்.

இந்தக் கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் தீர்வு சொல்வது அடுக்களையின் அறிவு. ஈரநெல்லை எந்தச் சூட்டில் வறுத்தால் கருகாமல் உமி பிரியும் என்பது தெரியாவிட்டால் அந்த இரவில் அடியாருக்கு உணவு இல்லை, நாயனாருக்குப் புகழும் இல்லை. அந்த அம்மையாருக்குக் காப்பியத்தில் பெயர் இல்லை. சிறுத்தொண்டர் கதையில் திருவெண்காட்டு நங்கைக்கும் சந்தனத் தாதியாருக்கும் பெயர் தந்த சேக்கிழார், இங்கே மனைவியார் என்பதோடு நிற்கிறார். அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. பெயரில்லாத அந்தப் பெண்ணின் யோசனையையும் செய்முறையையும் படிப்படியாகப் பதிந்துவைத்தவரும் அவரே. ஆனால் ஈரத்தோடு நெல்லை வறுத்தபோது, வரிச்சு போன கூரையின் கீழ் அந்த அறை எப்படி இருந்திருக்கும், அதில் குனிந்திருந்தவர் எதைச் சுவாசித்தார் என்பது பக்தியின் கணக்கில் வரவில்லை. விருந்தாளிக்காகக் கூரையைப் பிரிக்க முடிந்த வீட்டில், சமைப்பவளுக்காகச் சுவரைத் திறக்க யாருக்கும் தோன்றியதில்லை.

*

புகையை வெளியேற்றும் அறிவு நமக்கு அருகிலேயே இருந்தது என்பதற்கு ஈழத்துப் போறணை சான்று. விறகில் எரியும் செங்கல் அடுப்பு அது. பாணும் பணிசும் அதில் வேகும். போர்த்துக்கீசச் சொல்லான ஃபோர்னோவிலிருந்து வந்த பெயர். அங்கே மாவு பிசைந்து, நீண்ட மரத்துடுப்பால் உள்ளே தள்ளி எடுப்பவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வேலை செய்யும் ஆண்கள். போறணைக்குப் புகைபோக்கி உண்டு. செங்கல் சூளைக்கும் உண்டு. அது எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்றுகூட மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதிகள் சொல்கின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வேலை செய்பவர் தூசியையும் புகையையும் சுவாசிக்காமல் தடுப்பது நிர்வாகத்தின் கடமை என்றது.

எங்கள் பக்கத்தில் விடியுமுன் எழுந்து சமைத்துவைத்துவிட்டு நிறுவனப் பேருந்துக்கு ஓடும் இளம்பெண்களுக்கு இதன் பொருள் புரியும். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பிறகு, குறைந்தபட்சம் காகிதத்தில், அவளுடைய மூச்சுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றும் இல்லை. கூலியுள்ள தீக்குப் புகைபோக்கி. கூலியில்லாத தீக்குப் பெண்ணின் நெஞ்சு.

அந்த நெஞ்சை அளந்தும் இருக்கிறார்கள். குன்றத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழகக் கிராமத்து வீடுகளில் சமையல் புகையை அளந்து 2002இல் வெளியிட்டார்கள். விறகில் சமைப்பவர்தான் வீட்டில் மிகுதியான நுண்துகளைச் சுவாசிக்கிறார். வீட்டிலுள்ள மற்றவர்களையும் புகை விட்டுவைப்பதில்லை. வீட்டுப் புகையால் 2020இல் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

தீர்வும் புதியதல்ல. ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ்.பி. ராஜு, புகைபோக்கி வைத்த மண் அடுப்பைப் பற்றி எழுதிய 'ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் தி மில்லியன்ஸ்' 1953இல் இதே சென்னையில் அச்சானது. 1980களின் முதற்பாதியில் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டம் தொடங்கி 2002 வரை நடத்தியது. நல்ல நோக்கம்தான். ஆனால் புகைபோக்கி வைத்த அடுப்புகளை ஒடிசாவில் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமா ஹன்னா ஆகியோர், முதல் ஆண்டில் குறைந்த புகை பின்னர் குறையாமல் போனதைக் கண்டார்கள். அடுப்பைச் சரியாகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவில்லை என்பது காரணம்.

'பராமரிக்கவில்லை' என்ற சொல்லில் எழுவாயைத் தேடிப் பாருங்கள். கரி அடைத்த குழாயைக் கூரையேறித் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டியது யார்? உடைந்த குழாயை வாங்கக் காசு யார் கையில்? அடுப்பின் உள்வேலை அவளுடையது. கூரையும் காசும் அவனுடையவை. புகைபோக்கி இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பொருள், அதனால் யாருடைய வேலையும் ஆகாமல் போனது. பரண் விதைக்கும் கூரை ஓலைக்கும் பூச்சி வராமல் காத்த அதே புகையை வெளியேற்றினால் அந்தக் காவலுக்கு என்ன மாற்று என்பதையும் திட்டம் போட்டவர்கள் அடுப்பு போட்டவளிடம் கேட்டிருக்க வேண்டும். பின்னர் 2006க்குப் பிறகு தமிழக அரசின் இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் உஜ்வலா இணைப்பும் வந்தன. அவை செய்த நன்மையை எந்தப் பழமைப் பெருமிதத்துக்காகவும் நான் விட்டுத்தர மாட்டேன். சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் விறகுக்குத் திரும்பும் வீடுகளில் திரும்பிக் குனிவது யார் என்பதும் நமக்குத் தெரியும்.

*

இப்போது புகை ருசியாகத் திரும்பி வந்திருக்கிறது. நெடுஞ்சாலை உணவகங்கள் 'விறகடுப்புச் சமையல்' என்று பலகை வைக்கின்றன. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இயங்கும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களை எட்டியது; சமைப்பவர்கள் அனைவரும் ஆண்கள். அவர்கள் உழைப்பையும் கலகலப்பையும் நானும் ரசிப்பேன். ஆண்கள் சமைப்பது நல்லது. அவர்கள் சமைக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும்: திறந்தவெளி, மேலே வானம். தீ ஆணின் கைக்கு வரும்போதெல்லாம் ஒன்று கூரை விலகிவிடுகிறது, அல்லது புகைபோக்கி வந்துவிடுகிறது.

ருசியிலும் படிநிலை உண்டு. புகையில் வாட்டிய இறைச்சி உணவகத் தட்டில் வந்தால் உயர்வு. உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயவைத்த உப்புக்கண்டத்துக்கும், கருவாட்டு மணத்துக்கும் வாடகை வீடு மறுக்கப்பட்ட கதைகள் நம் நகரங்களில் நிறைய. மாட்டுக்கறியைக் காயவைத்து மழைக்காலத்துக்குச் சேமித்த தலித் பெண்களின் அறிவு எந்த ஸ்மோக்கர் பேச்சிலும் முன்னோடியாகக் குறிப்பிடப்படுவதில்லை. அடுப்பின் செங்கல்லுக்கும் கதை இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் வட்டாரச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டது செய்தியானது ஒருமுறை அல்ல. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசும் கூலி பல இடங்களில் குடும்பத்துக்கு மொத்தமாக, கணவன் பெயரில் எழுதப்படுகிறது. மண் பிசைந்தவளும் கல்லைத் திருப்பிக் காயவைத்தவளும் கணக்கேட்டில் இல்லை. கொல்லைப்புறக் குவிமாடத்தில் அவள் கைரேகை வெந்து கிடக்கிறது.

இதையெல்லாம் சொல்வதால் யாரும் அந்த அடுப்பைக் கட்ட வேண்டாம் என்று சொல்வதாக ஆகாது. பெண்களும் கட்டலாம்; நம் கைக்கு அந்த மண் தெரியும். கட்டும்போது, முதல் புகைபோக்கி வீட்டுக்குள் அன்றாடம் சமைக்கும் இடத்துக்குப் போகட்டும். இரண்டாவது கொல்லைக்கு வரட்டும். ஞாயிற்றுக்கிழமை விருந்து முடிந்தபின் சாம்பல் வாருவது யார், பாத்திரம் தேய்ப்பது யார் என்பதும் அந்த வரைபடத்திலேயே எழுதப்படட்டும்.

மாணவிகளிடம் நான் கேட்பது வேறொன்று. அடுத்த முறை குறுந்தொகை 167ஐப் படிக்கும்போது, அந்தச் சமையலறையில் ஒரு புகைபோக்கி இருந்திருந்தால் பாடலில் எது குறைந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தயிர் இருந்திருக்கும். புளிப்பு இருந்திருக்கும். கணவனின் பாராட்டும், வெளியே தெரியாத அவள் மகிழ்ச்சியும் இருந்திருக்கும். கண் மட்டும் எரியாமல் இருந்திருக்கும்.